நெடுக்குவெட்டு

பிளேடை எடுத்தாள். கீழே வைத்தாள்.

தாவரவியல் செய்முறைத் தேர்வு. மேசைமேல் ஒரே ஒரு செங்காந்தள்.

பக்கத்து மேசைகளில் செம்பருத்தியும் ஊமத்தையும் நித்தியகல்யாணியும் அதற்குள் இரண்டாகப் பிளந்து கிடந்தன. சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு வாய்த்தது இது. குடும்பம் லில்லியேசி. அதை எழுதியாகிவிட்டது. இனிப் பூவை நெடுக்காக வெட்டி, உள்ளே இருப்பதை வரைய வேண்டும்.

வெட்டாவிட்டால் மதிப்பெண் இல்லை. இந்த அரியரும் போனால் படித்தது போதும், காட்டு வேலையைப் பார் என்று அப்பா சொல்லிவிட்டார்.

பாவி, என்ன அழகு!

அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. ஆறு இதழும் நெளிநெளியாக மேலே பார்த்து நின்றன. சூல்தண்டு மட்டும் தாதுக்கு எட்டாமல், யாரோடும் ஒட்டாமல் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு நின்றது. அதன் திமிரால்தான் அவள் வீட்டில் விடிந்ததும் எல்லாரும் இதே பூ பூக்கும் கண்வலிக் கிழங்குக் காட்டில் இறங்குவார்கள். தாதைத் தொட்டு அந்த முனையில் ஒற்ற வேண்டும். பூவுக்குப் பூ. ஒற்றாத பூவில் காய் இல்லை. கை பட்டு ஒரு பூ உதிர்ந்தாலும் அம்மாவிடம் திட்டு உண்டு.

"என்னம்மா பண்றே?"

தேர்வு நடத்த வந்திருந்த பேராசிரியை எதிரில் நின்றிருந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். விரல் நுனியில் மஞ்சள் தூள். காம்பு அறுந்த பூவுக்குத் தாது ஒற்றி முடித்திருந்தாள். கைக்குத் தேர்வு தெரியுமா என்ன?

வெட்கமாகிவிட்டது. பிளேடை எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள்.

பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள்.

சூல்பைக்குள் ரவை ரவையாக, விதையாகப் போகும் வெள்ளை மணிகள். அறைக்கு இரண்டு வரிசை. ஒன்றுகூடக் கோணவில்லை. இத்தனை வருடம் வெளியே தொட்டுத் தொட்டுக் காத்த பூ. உள்ளே இப்படி இருக்குமென்று யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கே தெரியாது.

வரைந்தாள். மதிப்பெண் போட்டு முடித்ததும் பேராசிரியையிடம் கேட்டு, பாதிப் பூவை ஈரக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மா காட்டிலிருந்து வந்து கால்கூடக் கழுவவில்லை. பூவை உள்ளங்கையில் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு வெட்டுனது?"

"நாந்தாம்மா."

திட்டு வரும் என்று நின்றாள்.

"நேரா வெட்டியிருக்கறே," என்றாள் அம்மா.

பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நாளைக்கு நீ காட்டுக்கு வர வேண்டாம், கண்ணு. நீ படி. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."