பக்கத்துக் கட்டில் அண்ணன்

"அம்மா, அத்தை வர்றாங்க! அங்க பாரு, வாசல்ல!"

மகள் பூங்குழலி கிசுகிசுத்ததும், கட்டிலில் சாய்ந்திருந்த நஞ்சம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்த அத்தைடி?"

"மனோஜோட அம்மா! எனக்கு மாமியாரா வரப்போறவங்க!"

அவ்வளவுதான், நஞ்சம்மாவுக்கு வியர்த்து விட்டது. மைசூரில் இத்தனை இடம் இருக்க, சம்பந்தியம்மா பழனாத்தாளுக்கு இந்தக் கேன்சர் ஆஸ்பத்திரியின் கீமோ வார்டுதானா கிடைக்க வேண்டும்?

நிச்சயம் முடிந்துவிட்டது. தை பிறந்தால் கல்யாணம். பெண்ணின் அம்மாவுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? 'நாளைக்குப் பொண்ணுக்கும் வந்துட்டா?' என்பார்கள். முதலில் வந்த ஒரு நல்ல சம்பந்தம் அப்படித்தான் கைநழுவிப் போனது. அதனால் இந்த முறை ஊரில் ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. 'கல்யாணப் புடவை எடுக்கப் போறோம்' என்று கோபிநத்தத்தில் பஸ் ஏறி வந்திருந்தார்கள் அம்மாவும் மகளும்.

"பேசாம உண்மையைச் சொல்லிடலாம்மா. எத்தனை நாளைக்கு ஒளிக்கிறது?"

"வாயை மூடுடி! உன் கல்யாணம் நின்னுபோச்சுன்னா எனக்கு இந்த வைத்தியமே வேண்டாம்."

நஞ்சம்மா கட்டிலை விட்டுக் குதித்தாள். இடது கையில் ஊசியைக் குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்களே தவிர, மருந்துப் பாட்டிலை இன்னும் மாட்டவில்லை. ஏதோ அந்த மட்டில் புண்ணியம். முந்தானையால் கையை மூடிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் கட்டிலில் மருந்து ஏறிக்கொண்டிருந்தவர் பிரகாசம். மைசூரிலேயே மண்டி மொஹல்லா பகுதியில் பேக்கரி வைத்திருப்பவர். காலையில் 'எந்த ஊரும்மா?' என்று விசாரித்ததோடு சரி, வேறு பழக்கம் கிடையாது.

"ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். அஞ்சு நிமிஷம் எனக்கு அண்ணனா இருங்க!"

பிரகாசம் வாசலைப் பார்த்தார். அங்கே நின்ற பழனாத்தாளைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"அதுக்கென்ன தங்கச்சி, இருந்துட்டாப் போச்சு."

ஐயையோ, கழுத்தில் சிலுவை தொங்குகிறதே! நஞ்சம்மா அதை அவர் சட்டைக்குள் தள்ளிவிட்டாள். முந்தானை முடிச்சிலிருந்த மாதேஸ்வரன் மலை விபூதியை எடுத்து அவர் நெற்றியில் ஒரே இழுப்பாக இழுத்தாள். பாவம் மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு காட்டினார்.

அதற்குள் பழனாத்தாள் வயர்க் கூடையும் கையுமாகக் கிட்டே வந்துவிட்டாள். இவர்களைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"வாங்க சம்பந்தியம்மா! என்னுங்க இந்தப் பக்கம்?" என்றாள் நஞ்சம்மா, பல்லெல்லாம் தெரிய.

"நானுங்களா? எங்க ஊருப் பொண்ணு ஒண்ணு இங்க நர்ஸா இருக்குதுங்க. அதைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க?"

"இவரு எங்க பெரியண்ணனுங்க. இந்தப் பாழாப்போன சீக்கு வந்துருச்சு. பாத்துக்க ஆளில்லீங்க. அதான் நானும் பொண்ணும் ஓடியாந்தோம்."

பழனாத்தாள் பிரகாசத்தைப் பார்த்தாள். வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இவரு... உங்க அண்ணனுங்களா?"

"கூடப் பொறந்த அண்ணனுங்க! உடம்பு முடியாமத்தான் நிச்சயத்துக்குக்கூட வர முடியலீங்க."

"ஆமாங்கம்மா, படுத்த படுக்கை," என்றார் பிரகாசம் இருமிக்கொண்டே. "எனக்குத் தங்கச்சிங்கன்னா உசுரு."

போதும் என்று நஞ்சம்மா அவர் தொடையைக் கிள்ளினாள்.

பழனாத்தாள் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எலுமிச்சை மிட்டாயை அள்ளி நஞ்சம்மாவின் வலது கையில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"இந்த மருந்து ஏறுனா வாய் கசக்கும், சோறு பிடிக்காது. ஒண்ணொண்ணா வாயில போட்டுக்கச் சொல்லுங்க உங்க அண்ணனை. ரெண்டு நாளைக்குப் படுத்தும், அப்புறம் சரியாயிரும். பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "கல்யாணத்துக்கு அவரைக் கட்டாயம் கூட்டிட்டு வரோணும். தாய்மாமன் இல்லாம சீர் எப்படீங்க?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

நஞ்சம்மா கையிலிருந்த மிட்டாயைப் பார்த்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"எவ்வளவு தங்கமான மனசுடி! முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்காகக் கண் கலங்கறாங்க. அவங்களையா நான் ஏமாத்தினேன்?"

"இப்பவும் ஒண்ணும் ஆகலைம்மா. நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்லிடறேன்," என்று எழுந்தாள் பூங்குழலி.

பிரகாசம் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கியதில் மருந்துக் குழாயும் சேர்ந்து ஆடியது.

"போம்மா, போய்க் கையோட கூட்டிட்டு வா. வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க. நீங்க கிளம்பாம அவங்க எப்படி ஊசி போட்டுக்குவாங்க?"

"ஊசியா? அவங்களுக்கா? என்னங்கய்யா சொல்றீங்க?"

"போன மாசம் அவங்க ஊர்க்காரங்க யாரோ இந்தப் பக்கம் வந்துட்டாங்க. விஷயம் தெரிஞ்சா மகன் கல்யாணம் நின்னுடும்னு பயந்துக்கிட்டு, அந்தம்மாவும் என்னைத்தான் கூடப் பொறந்த அண்ணன்னு சொன்னாங்க. இப்ப நான் பொண்ணுக்குத் தாய்மாமனா, மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா, ரெண்டு தங்கச்சிகளும் உக்காந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்க!"