வௌவால் அண்ணாச்சியின் வலைத்தளம்

வலைத்தளம் செய்து கொடுக்கும் தொழிலில் இறங்கிய அணிலுக்கு முதல் வாடிக்கையாளராக வந்து வாய்த்தார் பழக்கடை வௌவால் அண்ணாச்சி. வந்த ஆளை விட்டுவிடக் கூடாதே என்று, காலத்துக்கும் பராமரிப்பு இலவசம் என்று சொல்லிவிட்டது அணில்.

கொய்யாவுக்கு ஒரு பக்கம், நாவலுக்கு ஒரு பக்கம் என்று இழைத்து இழைத்துச் செய்து, கிளையில் மாட்டியிருந்த அண்ணாச்சியின் செல்போனில் திறந்து காட்டியது.

தொங்கியபடியே பார்த்த அண்ணாச்சி முகம் சுளித்தார். "என்னப்பா, எல்லாம் தலைகீழால்ல இருக்கு?"

"செல்போனைக் கொஞ்சம் திருப்பி மாட்டிப் பாருங்க அண்ணாச்சி."

"செல்போனைத் திருப்புறதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்? தளத்தைத் திருப்பு."

முதல் வாடிக்கையாளரையே பகைத்துக்கொண்டால் அப்புறம் எந்த மரத்தில் பிழைப்பது? அணில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்து, படம், விலை எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றபடி அண்ணாச்சி தூங்கிப்போனார்.

மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நம்ம தளத்தைப் பார்த்த கிளி, மைனா எல்லாம் கழுத்து சுளுக்கிக்கிச்சுன்னு கடை வாசல்ல வந்து நிக்குதுங்க. பராமரிப்பு உன் பொறுப்புதானே? வரும்போது எண்ணெய் எடுத்துக்கிட்டு வா, நீவி விடணும்."