பிரிசில்லாவின் பாஸ்வேர்டு

"பாஸ்வேர்டு போட்டுட்டு நீ கொஞ்ச நேரம் உள்ள போயிரு," என்றான் அருள்குமார்.

பிரிசில்லாவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

இரண்டு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத பேச்சு இது. கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடச் சொன்னவனே அவன்தான். பார்க்கக் கூடாத படம் ஒன்றை அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி பிரிசில்லா பின்னால் வந்து நின்றுவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் முழங்கால் போட்டு அழுதான். பாஸ்டர் சொன்ன சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டான். பாஸ்வேர்டை அவளையே வைக்கச் சொல்லி, தான் அழுது கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ஜெபத்தில் வைத்து வாக்கும் வாங்கிக்கொண்டான்.

சாஃப்ட்வேர் லேசுப்பட்டது இல்லை. உடம்பின் பாகம் ஒன்றின் பெயர் வந்தால் போதும், சிவப்புப் பலகையைக் காட்டிவிடும். தேடுகிறவன் டாக்டரா தறுதலையா என்றெல்லாம் அது பார்க்காது. ஊரே ஜட்டியும் பனியனும் தைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருக்கிறது. நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவன் வீட்டில் ஜட்டிப் படம் திறக்காது.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் கேட்டலாக்கைப் பார்க்க வேண்டி வந்தால் அவளைத்தான் கூப்பிட வேண்டும். முந்தானையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டு அடிப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுப்பாள். நீலமாக இருக்கும் இணைப்பு, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் ஊதாவாகிவிடும். அதை வைத்துத்தான் எது பாக்கி என்று அவன் கண்டுபிடிப்பான். அவளும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டாள். "அதுதான் ஊதாவாயிருச்சுங்களே, அடுத்ததுக்குப் போங்க," என்று விரட்டுவாள்.

அவனே கேட்டு வாங்கிய சிறை. யாரைக் குறை சொல்வது?

இன்று அவன் பார்க்க வேண்டியது கேட்டலாக் இல்லை.

நேற்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவள் மார்பில் இருப்பது நல்ல கட்டி இல்லை என்றார். அதற்குமேல் அவர் இங்கிலீஷில் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. வெளியே வந்து, சாதாரணக் கட்டிதானாம், மாத்திரையிலேயே கரைந்துவிடுமாம் என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கூடப் போனாள்.

அவனுக்குத் தூக்கமில்லை. பிழைப்பாளா என்று தெரிய வேண்டும். கம்பெனியில் முதுகுக்குப் பின்னால் எந்நேரமும் நாலு பேர். பிரவுசிங் சென்டருக்கு எதிரிலேயே சபை மூப்பரின் கடை.

"எதுக்குங்க நான் உள்ள போகோணும்?"

கேட்டலாக் என்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். உண்மையைச் சொன்னால் நேற்றுச் சிரித்த சிரிப்பு அவ்வளவுதான். மிச்சமிருந்தது ஒரே வழி.

"மறுபடியும்... மனசு கேக்க மாட்டேங்குது," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

செய்த பாவத்தை ஒப்புக்கொண்ட அன்று கண்ணீராவது வந்தது. செய்யாததற்கு அதுவும் வரவில்லை.

அழுவாள், பாஸ்டருக்குப் போன் போடுவாள் என்று காத்திருந்தான். அவள் அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் மறைத்து அடித்தாள். சிவப்புப் பலகை மறைந்தது.

"சோறு வெக்கறேனுங்க," என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது. என்னைக் கேவலமாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், அவள் நிம்மதியாக இருந்தால் போதும் என்று நினைத்தபடி நோயின் பெயரை இங்கிலீஷில் அடித்தான்.

இணைப்புகள் வரிசையாக வந்தன.

முதல் இணைப்பு ஊதாவாக இருந்தது.

இரண்டாவதும் ஊதா. மூன்றாவதும். மௌஸை உருட்டினான். இந்த நோய் வந்தவர்கள் எத்தனை வருஷம் இருப்பார்கள் என்று ஒரு பக்கம். அதுவும் ஊதா.

இந்த வீட்டில் பாஸ்வேர்டு தெரிந்தவள் ஒருத்திதான்.

பஸ்ஸில் அவள் தூங்கவே இல்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அடியில் ஒரே ஒரு இணைப்பு மட்டும் நீலமாக இருந்தது. நோயைப் பற்றி வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று அதற்குத் தலைப்பு.

அடுப்படியில் அரிசி களையும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றுவிட்டு மறுபடியும் கேட்டது.

அவன் அந்த நீலத்தை அமுக்கினான். பக்கம் திறந்தது. ஒரு வரிகூடப் படிக்காமல் இணைப்புகளின் வரிசைக்கே திரும்பினான். இப்போது எல்லாமே ஊதா.

திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அவளுடைய நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான்.

"பிரிசில்லா," என்று கூப்பிட்டான். "வந்து பூட்டிரு கண்ணு."