குடும்ப வரிசை

ஜெராம் ஊரை ஒட்டிய எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில் சவரிநாதன் குடும்பத்துக்கென்று ஒரு வரிசை உண்டு. மனைவி லோகேஸ்வரி கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி லூர்துமேரி ஆனவள். சவரிநாதனின் அம்மா மட்டும் கடைசி மூச்சுவரை அவளை "அந்த இந்துக்காரப் பொண்ணு" என்றே சொன்னார். லோகேஸ்வரி இறந்தபோது, அந்த அம்மாவின் பக்கத்திலேயே சவரிநாதன் பிடிவாதமாக அடக்கம் செய்தார்.

அடுத்த கல்லறைத் திருநாளில் அவள் கல்லறை வரிசையை விட்டுத் தள்ளியிருந்தது. சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. சுற்றிலும் புல் கலையவில்லை.

"மண்ணு இறங்கியிருக்கும்பா," என்றாள் மகள் பிரிசில்லா.

"இறங்குனா எல்லாந்தானே இறங்கணும்?"

மறு வருடம் அது வேலியோரம் போயிருந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபித்துவிட்டு, சவரிநாதன் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார்.

இந்த வருடம் அது வேலிக்கு அந்தப் பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது. சவரிநாதன் முள்கம்பிக்குள் நுழைந்து போய், சிலுவையைத் துடைத்து மாலை போட்டார்.

"என்னையும் இங்கயே வச்சிடும்மா."

"இது எஸ்டேட்காரங்க மரம் வச்ச நிலம்பா. விடமாட்டாங்க லா."

இருவரும் திரும்பி வந்தார்கள். வரிசையில் அம்மாவின் பக்கத்தில், லோகேஸ்வரி இருந்த இடத்தில் யாரோ புல்லைச் செதுக்கி, வெள்ளை மணல் பரப்பியிருந்தார்கள். வெறும் தரையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

பிரிசில்லா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கப்பா, போலாம்."

"எங்க அம்மா எனக்கு இடம் போட்டு வச்சிருக்கா," என்றார் சவரிநாதன்.