கறுத்த சுவரொட்டி

மலையடிவாரத்தில் செத்துக் கிடந்து, ஊரார் தூக்கிவந்த புள்ளிமான் உச்சிவெயிலில் புளியமரத்தடியில் கிடக்கிறது. அதன் மூக்கிலிருந்து ரத்தம் உறையாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. உசிலம்பட்டிச் சந்தைக்கு ஆடு பிடிக்க வந்த மதுரைக் கசாப்புக்காரர் சேக் மைதீனை வழிமறித்துக் கூட்டிவந்தவர்கள், கறி தின்ன ஆகுமா என்று சுற்றி நிற்கிறார்கள். அவர் மானின் வயிற்றைக் கீறி, சுவரொட்டி என்கிற மண்ணீரலை வெளியே இழுக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கவேண்டியது முழங்கை நீளத்துக்கு வீங்கி, தார்போல் கறுத்திருக்கிறது. மைதீன் கையை உதறிப் பின்வாங்குகிறார். "அடைப்பான் நோய். தின்னா பொணம் விழும். தோலை உரிக்காம ஆழமாப் பொதைச்சிருங்க." கூட்டத்திலிருந்து சோலையம்மாள் முன்னே வந்து அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டுகிறாள். "செத்ததை உங்க மார்க்கத்துல திங்க மாட்டீக. அதுக்காக நாங்களும் திங்கக் கூடாதாக்கும்? யுத்தம்னு அரிசியவே கண்ணுல காணோம். நாலு நாளா எங்க உலையில வெறுந்தண்ணிதேன் கொதிக்குது!" யாரோ காறித் துப்புகிறார்கள், எச்சில் அவர் செருப்பின்மேல் விழுகிறது. மைதீன் இருபது வருஷம் தனக்குச் சோறு போட்ட கத்தியைப் பார்க்கிறார். "இந்த ரத்தம் பட்ட கத்தி இனி எனக்கு ஆகாது" என்று அதை வேலிமுள்ளுக்குள் வீசிவிட்டு, மரத்தடியில் கிடந்த அடுப்புச் சாம்பலை அள்ளிக் கைகளைத் தேய்க்கிறார். சோலையம்மாள் மட்டும் முள்ளுக்குள் கைவிட்டுக் கத்தியை எடுக்கிறாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு மானருகே உட்காருகிறாள்.