தெருவை அதிரவைத்த கார்

ஹைக்காலின் கார் மறுபடியும் உறுமியது. பெருநாளுக்காக ரொஸ்லான் வீட்டில் எடுத்து வைத்திருந்த கண்ணாடிக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ரொஸ்லான் மலேசியாவின் சிரம்பான் நகரில், நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் என்னவென்று அனுபவிக்கத்தான் இன்னும் கொடுத்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹைக்காலுக்குக் கார்ப் பித்து.

சாயங்காலமானால் போதும், அவன் கார் கொட்டகையில் படுத்துவிடுவான். எலி போனால்கூடக் குனிந்துதான் போக வேண்டும் என்கிற அளவுக்குக் காரைத் தாழ்த்தியிருந்தான். பின்பக்கம் இஸ்திரி மேசை மாதிரி ஒரு இறக்கை, பால் டின் அகலத்துக்குப் புகைக்குழாய், உடம்பெல்லாம் ஸ்டிக்கர். அதை அவன் துடைத்த துடைப்பில் பாதியைப் பெற்ற பிள்ளைக்குத் துடைத்திருந்தால் அதன் மூக்கு ஒழுகாமல் இருந்திருக்கும்.

அப்படித் தினமும் எதைத்தான் முடுக்குகிறாய் என்று ரொஸ்லான் ஒருமுறை மதில்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"சத்தம் இன்னும் சரியா அமையல பாக்சிக். அடித்தொண்டையிலேர்ந்து வரணும்," என்றான் ஹைக்கால். பாக்சிக் என்று மாமா முறை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவான். மூன்று மணி நேரத் தூரமான ஜோகூருக்கு இது ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் என்றும் சொன்னான். தலையெழுத்தே என்று ரொஸ்லான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

ரொஸ்லானின் மனைவி ரொகாயாவுக்கு வேறு கவலை. ஹைக்காலின் மனைவி சுராயா தன் தொழுகை அங்கியை அந்தப் புகைக்குழாய்க்கு நேர் பின்னால்தான் கொடியில் காயப்போடுவாள். அது எப்போது பார்த்தாலும் பால்போல் வெளுப்பாக இருக்கும். அவள் என்ன சோப்புத்தான் போடுகிறாளோ என்று ரொகாயா மாய்ந்து போவாள்.

நாளைக்குப் பெருநாள். தெருவே காலி. ஆளாளுக்குக் கார் நிறையப் பலகாரமும் பிள்ளைகளும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். சுராயாகூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குக் கீறல் விழுந்துவிடும் என்று ஹைக்கால் மட்டும் போகவில்லை. போன பெருநாளுக்கும் இதே கதைதான்.

ரொஸ்லான் குடும்பம் போகாததற்குக் காரணம் மகள் அஸ்லினா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கடல்நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை, நாளைக்குத்தான் கரை திரும்புவான்.

மருத்துவர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனால் அடுப்பில் கெத்துபாட், ஓலையில் பொதிந்த பெருநாள் சோறு, வெந்துகொண்டிருக்கும்போதே அஸ்லினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது.

ஆம்புலன்ஸுக்கு அடித்தால், சாலையெல்லாம் நெரிசல், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கைப்பேசியில் வாடகைக் காரைத் தேடினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர ஒரு காரும் சிக்கவில்லை. ரொஸ்லானிடம் இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வலியில் துடிக்கும் பெண்ணை அதில் எப்படி ஏற்றுவது?

பக்கத்து வீட்டில் கார் உறுமியது. ரொஸ்லானுக்கு அந்தச் சத்தம் வாழ்க்கையிலேயே முதன்முறையாகத் தேனாக இனித்தது. இந்த ஜென்மத்தில் அவன் வாசற்படி மிதிப்பதில்லை என்று போட்டிருந்த சபதத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஓடினார்.

கையில் கைப்பேசியோடு காருக்கு வெளியே நின்று, கண்ணை மூடி உறுமலை ரசித்துக்கொண்டிருந்தான் ஹைக்கால்.

"தம்பி, பொண்ணுக்கு வலி எடுத்திருச்சு. வண்டிய எடு."

ஹைக்காலின் முகம் வெளுத்தது. இது பந்தயக் கார் இருக்கை, பிள்ளைத்தாய்ச்சி வயிறு அதில் அடங்காது என்றான். பின்னால் மெத்தையைப் போட்டு உட்கார வைத்துக்கொள்கிறேன் என்றார் ரொஸ்லான். தெருமுனை வேகத்தடையில் அடிப்பாகம் உரசுமே என்றான். உரசினால் நானே புதுச்சாயம் அடித்துத் தருகிறேன் என்றார். சாயம் அடிப்பது அவ்வளவு லேசில்லை என்று அவன் ஆரம்பித்ததும் ரொஸ்லானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உயிரைவிட ஒரு தகர டப்பா பெரிதாகிவிட்டதா இவனுக்கு?

அதற்குள் ரொகாயாவின் தோளைப் பிடித்தபடி அஸ்லினாவே வாசலுக்கு வந்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மதிலில் சாய்ந்து நின்றாள். நோன்பு என்றும் பாராமல் திட்டித் தீர்க்கத்தான் ரொஸ்லான் வாயெடுத்தார், குரல்தான் உடைந்தது.

"ரெண்டு வருஷமா உன் வண்டிச் சத்தத்துக்குக் காதக் குடுத்தேன்டா. இன்னிக்கு ஒரு நாள், அதோட வேகத்த எனக்குக் குடு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

ஹைக்கால் அஸ்லினாவைப் பார்த்தான். காரைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் முட்டியது.

கைப்பேசியை ஒரு தட்டுத் தட்டினான். உறுமல் சட்டென்று அடங்கியது.

"இந்தச் சத்தம் வர்ற ஸ்பீக்கர வாங்கத்தான் பாக்சிக், போன வருஷமே என்ஜின வித்துட்டேன்."