ஒரே சண்டையில் நிலைத்த பெயர்

படுக்கையில் அசைவற்றுக் கிடந்த குத்துச்சண்டை வீரனின் வாயோரம் வழிந்த பாலைத் துடைத்துவிட்டார் அந்த ஆஜானுபாகுவான மனிதர்.

"நீங்க இவரோட அண்ணனா சார்?" என்று கேட்டாள் புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ்.

"அப்படித்தான் வெச்சுக்கயேன்மா."

"ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டையிலதான் இவருக்கு இப்படி ஆச்சாமே. அந்த ஒரு சண்டையாலயே ஜெயிச்சவர் பேரு காலத்துக்கும் நிக்கும்னு டிவியில சொன்னாங்க. அந்த மனுஷன் ஒரு தடவையாவது இங்க எட்டிப் பார்த்தாரா?"

அவர் வீரனை மெல்லப் புரட்டி, முதுகில் பவுடர் போட்டார்.

அப்போது உள்ளே வந்த வீரனின் மனைவி, "தினமும் வர்றாரும்மா. இவர்தான் அந்த சாம்பியன்" என்றாள்.

நர்ஸ் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"பேரு நின்னு என்னம்மா பண்ண?" என்றார் அவர், தலை நிமிராமல். "இவன் எழுந்து நிக்கணுமே."